பகலிலும்

ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவு, கருங்கல்.
சாப்பாட்டுக்குப் பின் முதல் பீரியடு.
வயிற்றில் மரச்சீனியும் மீன்கறியும் கனக்க
பாதிக் கண்கள் ஜன்னலைத் தாண்டி
மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டன.

கரும்பலகையில் நான்கு வரி எழுதினேன்,
நேற்றிரவு நானே கட்டியது:

காற்று விழுந்துவிட்டது.
கடல் ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது.
கரையில் பதினோரு வள்ளங்கள்.
வாசல்களில் விளக்கு எரிந்தது, பகலிலும்.

இதில் என்ன உணர்வு நிற்கிறது?
சொன்னால் போதாது,
எந்தச் சொல் அதைச் சொல்கிறதோ
அதன்மேல் விரலை வையுங்கள்.

போன வாரம் மழை பற்றிய ஒரு பத்திக்கு
முப்பத்தேழு பேரும்
‘சோகம்’ என்று எழுதியிருந்தார்கள்.
சான்று: மழை.
மழை என்ன பாவம் செய்தது மக்களே என்றேன்.
பிரின்ஷா எழுந்தாள்.
மழையானால் அப்பாவுக்குப் பால்வெட்டு இல்லை,
அப்பா வீட்டில் இருப்பார்,
இருந்தால் சத்தம்தான் டீச்சர்.
வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
அது உன் வீட்டு மழை,
இந்தப் பத்தியின் மழை
எந்தக் கூரையில் விழுகிறது, அதைப் பார் என்றேன்.
சொன்ன பிறகு
எனக்கே கொஞ்சம் கடுப்பாகப் பட்டது.

இன்று முதல் கை சஜிலா பீவியுடையது.
“அமைதி. சான்று ‘சுருக்கமில்லாமல்’.
இஸ்திரி போட்ட மாதிரி கடல்.”
நல்ல விரல்.
மனதுக்குள் இரண்டுக்கு இரண்டு போட்டேன்.
“அழகு” என்றான் ஒருவன். சான்று கேட்டதும்
“வெளக்கு எரியுதில்லா” என்று இழுத்தான்.
“கரண்டு இல்ல போல” என்றது கடைசி பெஞ்சு.

என் பாடக்குறிப்பில் இருந்த விடையும் அமைதிதான்.
அமைதியைத்தான் கட்டினேன்.
‘பகலிலும்’ வந்தது ஓசைக்காக;
வரி ஒரு காலில் நிற்பது போலிருந்ததால்
ஒரு முட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஜெஃப்ரின், மிடாலம் கரையிலிருந்து வருகிறவன்,
வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல்
ஜூனிலிருந்து இருக்கிறவன்,
எழுந்து பலகைவரை வந்தான்.
விரலை வைத்தான்.
கடலில் இல்லை, வள்ளத்தில் இல்லை,
கடைசி இரண்டு எழுத்தில்.

“பயம் டீச்சர்.”

எங்கே இருக்கிறது?

“இந்த ‘உம்’முல.
பகலில் எரியுதுன்னு மட்டும் இருந்தா சும்மா வெளக்கு.
பகலிலும்னா ராத்திரியே ஏத்தியாச்சு.
விடிஞ்சும் அணைக்க ஆருக்கும் ஓர்மை இல்ல.
இல்லாட்டி அணைக்கப் பயம்.
பின்ன, பதினொண்ணுன்னு எண்ணியிருக்கு பாருங்க.
எல்லா வள்ளமும் வந்து கெடந்தா
எவன் எண்ணுவான்?”

மின்விசிறியின் கடகடப்பு திடீரென்று கேட்டது.
பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும்
இறங்கி வந்திருந்தார்கள்.

இது வரியிலிருந்து எடுத்ததா,
உன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததா
என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.
விரல் இன்னும் பலகையில் இருந்தது,
சாக்பீஸ் தூள் ஒட்டிய விரல்.
அதன் கீழே என் எழுத்து
யாரோ எழுதியது போல.

“அப்போ கடல்?” சஜிலா விடுவதாயில்லை.
“சுருக்கமில்லாம கெடக்குதே?”

“அதுக்கென்ன” என்றான்.
“அது கெடக்கும்.”

பாடக்குறிப்பில் ‘அமைதி’யை அடித்தேன்,
பிறகு அடித்தது தெரியாமல் மறுபடி எழுதினேன்,
பக்கத்தில் ஒரு கோடு போட்டு
‘பயம்’ என்றும் எழுதினேன்.
எழுதியபின்தான் கவனித்தேன்,
அந்த ‘என்றும்’ நானாகப் போட்டது.

மணி அடித்தது.
பலகை துடைக்கும் முறை பிரின்ஷாவுக்கு.
காற்றைத் துடைத்தாள், கடலைத் துடைத்தாள்,
பதினோரு வள்ளங்களையும் வாசல்களையும்.
டஸ்டரோடு நின்று திரும்பினாள்.
“இதை விடவா டீச்சர்?”

விடு என்றேன்.

அடுத்த பீரியடு கணக்கு.
கணக்கு சார் வந்து, ஒரு நிமிஷம் பார்த்து,
அதைச் சுற்றித்தான்
எழுத வேண்டியிருந்திருக்கும்.